எங்கே சாப்பிடுவது? மலைநாட்டில் தீராத வழக்கு

பகல் 12 மணி தாண்டினால் நுவரெலியாவுக்கு அருகே சீதா எலிய சீதையம்மன் கோயில் வாசலில் நிற்கும் வான்களுக்குள் ஒரு வழக்கு தொடங்கிவிடும். கும்பிட்டு வந்து, செருப்பை மாட்டிக்கொண்டு ஏறியவர்களைத் திரும்பிப் பார்த்துச் சாரதி கேட்பார்: "ஐயா, சாப்பாட்டுக்கு எங்க நிப்பாட்ட?" அவ்வளவுதான். சென்னையிலிருந்து வந்த அத்தைக்கு மீன் வாடை படாத அடுப்பு வேண்டும். லண்டன் மருமகன் கைபேசியில் நட்சத்திரம் எண்ணத் தொடங்குகிறார். கொழும்பு மைத்துனருக்கு எப்போதோ தேனிலவில் சாப்பிட்ட ஒரு சீனக் கடையின் ஞாபகம். அது இப்போது இருக்கிறதா என்பது அவருக்கே நிச்சயமில்லை. பிள்ளைகளுக்குப் பசி. சாரதியின் மனத்தில் ஏற்கெனவே ஒரு கடை இருக்கிறது. மற்றவர்கள் களைக்கும்வரை அவர் வாய் திறப்பதில்லை.

விமானச் சீட்டு, விசா, அறை என்று எல்லாவற்றிலும் ஒத்துப்போன கூட்டம்கூடச் சாப்பாட்டுக் கடை வாசலில் இரண்டாகப் பிரியும். எந்த நாட்டுக்குப் போனாலும் இது நடப்பதுதான். நுவரெலியாவில் மட்டும் சண்டை கொஞ்சம் முற்றிவிடுகிறது. 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் இந்தச் சின்ன நகரத்துக்கு வருகிறவர்கள் ஒரே ஊரைப் பார்க்க வருவதில்லை. ஒருவருக்கு இது அசோகவனம். ஒருவருக்கு வெள்ளைக்காரத் துரைமார் விட்டுப்போன குட்டி இங்கிலாந்து. இன்னொருவருக்கு ஏப்ரல் வெயிலிலிருந்து தப்பும் இடம். ஒவ்வொருவர் கையிலும் யாரோ ஒருவர் தந்த சிபாரிசு இருக்கிறது. அந்த யாரோ எந்த ஊரைப் பார்க்க வந்தார் என்பதை மட்டும் எவரும் விசாரிப்பதில்லை.

2024இல் இலங்கைக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் 20 இலட்சத்து 50 ஆயிரத்துக்கும் மேல். அதில் 4 இலட்சத்துக்கும் அதிகமானோர் இந்தியர், முதலிடம் அவர்களுக்கே. ரஷ்யரும் பிரித்தானியரும் அடுத்து. கண்டியிலிருந்து வளைந்து ஏறும் வீதியில் றம்பொடை அனுமன் கோயிலில் ஒரு நிறுத்தம், லபுக்கலையில் தேநீர், நுவரெலியாவில் இரவு, மறுநாள் சீதையம்மனும் ஹக்கலைப் பூங்காவும் என்பது இந்தியக் குழுக்களின் வழக்கமான பாதை. 2018 நவம்பரில் இந்திய ரயில்வேயின் ஐ.ஆர்.சி.டி.சி. தொடங்கிய ஸ்ரீ இராமாயண யாத்திரையில், சென்னையிலிருந்து விமானம் ஏறி இங்கே வரும் இலங்கைப் பகுதியும் இருந்தது. 2024 மே மாதம் சீதையம்மன் கோயில் கும்பாபிஷேகத்துக்கு அயோத்தியின் சரயு நதி நீரே வந்து சேர்ந்தது.

யாத்திரை என்றால் சைவச் சாப்பாடு. இலங்கையில் சைவச் சாப்பாடு என்றதும் குறுக்கே வந்து நிற்பது மாசி.

மாசி என்பது வேகவைத்து, புகையூட்டி, கல்லாக உலர்த்திய சூரை மீன். இடித்துத் தூளாக்கித் தேங்காய்ச் சம்பலில் போடுவார்கள், கட்டச் சம்பலில் போடுவார்கள், சில வீடுகளில் பருப்பிலும் போஞ்சிக் கறியிலும்கூட ஒரு சிட்டிகை விழும். தென்னிலங்கைச் சமையல்காரர் பலருக்கு அது மீன் கணக்கில் வராது. உப்பு, மிளகாய்த் தூள் வரிசையில் அதுவும் ஒரு சரக்கு. ஆகவே, "மரக்கறிச் சாப்பாடு" என்று பலகை மாட்டிய கடையில் சோறு, பருப்பு, பீட்ரூட், சம்பல் என்று நான்கு கறியோடு தட்டு வரும்போது சமையல்காரர் பொய் சொல்லவில்லை. அந்தத் தட்டைச் சாப்பிட்ட ஜெர்மானியர் 'அருமையான சைவ உணவு' என்று எழுதிவிட்டுப் போகிறார். அவரும் பொய் சொல்லவில்லை. அதை நம்பி வந்த கும்பகோணத்து மாமி சம்பலை வாயில் வைத்ததும் எழுந்துவிடுகிறார். மூன்று பேரும் நேர்மையானவர்கள், தட்டும் ஒன்றே. சிபாரிசுகளைப் பற்றிய பாதிச் சண்டை இந்த மாதிரி நேர்மையான மனிதர்களுக்கு இடையில்தான் நடக்கிறது.

இதனால்தான் நுவரெலியாக் கடைத்தெருவில் அம்பாள்ஸ் போன்ற சைவக் கடைகளுக்கும், கிராண்ட் ஹோட்டல் வளவில் இயங்கும் கிராண்ட் இந்தியன் உணவகத்துக்கும் இந்திய வான்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. வந்த பிறகு அடுத்த வாதம். ஒன்றில் வட இந்திய ருசி தூக்கல், விலையும் தூக்கல் என்பார் ஒருவர். மற்றதில் தோசை நம்ம ஊர்த் தோசை மாதிரி இல்லை என்பார் இன்னொருவர். இல்லைதான். ஈழத்துத் தோசை மெத்தென்று, வெந்தயமும் மஞ்சளும் சேர்ந்து, சில இடங்களில் தாளிப்பையும் மாவிலேயே கொட்டி, மஞ்சள் நிறத்தில் வரும். சென்னைக்காரரின் கண்ணுக்கு அது முறுகாத தோசை. யாழ்ப்பாணத்துக்காரரின் கண்ணுக்குச் சென்னைத் தோசை வெறும் அப்பளம்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. "நம்ம ஊர்ச் சாப்பாடு எங்க கிடைக்கும்?" என்று திருச்சிக்காரர் கேட்கும் அந்தப் பரிமாறும் தம்பியின் முப்பாட்டன் திருச்சியிலிருந்தோ புதுக்கோட்டையிலிருந்தோ மன்னார்க் காட்டுவழியே நடந்து வந்தவராக இருக்கலாம். நுவரெலியா மாவட்டத்தில் பாதிக்கு மேற்பட்டோர், அப்படித் தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வழிவந்த மலையகத் தமிழர். 2023இல் அவர்கள் இந்த மண்ணுக்கு வந்த 200ஆவது ஆண்டு நினைவுகூரப்பட்டது. அந்த நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மக்கள் நடந்தே வந்தார்கள். ஒரே ஊரிலிருந்து கிளம்பிய இரண்டு நாக்குகள் 200 ஆண்டு கழித்து ஒரு கடையில் சந்திக்கின்றன. ஒன்று சாம்பார் தண்ணியாக இருக்கிறது என்கிறது. மற்றது, போன வாரம் வந்தவர்கள் நன்றாக இருக்கிறது என்றார்களே என்று பணிவாகப் பதில் சொல்கிறது.

கோட்டும் கழுத்துப்பட்டியும்

இந்த ஊரின் சாப்பாட்டுப் பட்டியல்களில் முன்னால் நிற்பவை பழைய துரைமார் மேசைகள். 1824 முதல் 1831 வரை ஆளுநராக இருந்த எட்வர்ட் பார்ன்ஸ் தனக்குக் கட்டிக்கொண்ட மலைவாச மாளிகைதான் பின்னர் வளர்ந்து 1891இல் கிராண்ட் ஹோட்டல் ஆனது. புல்வெளியைப் பார்த்தபடி அங்கே மாலைத் தேநீர் அருந்துவது இன்று கொழும்புக் குடும்பங்களுக்கும் வெளிநாட்டாருக்கும் ஒரு சடங்கு. அடுக்குத் தட்டில் வெள்ளரிக்காய் சாண்ட்விச், ஸ்கோன், கேக் வகைகள். 1876இல் தொடங்கிய ஹில் கிளப்பில் இரவுச் சாப்பாட்டுக்கு ஆண்கள் கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிய வேண்டும். கொண்டு வராதவர்களுக்குக் கிளப்பிலேயே இரவல் கிடைக்கும். யாரோ ஒருவருக்குத் தைத்த கோட்டை மாட்டிக்கொண்டு, கை நீளத்தை மடித்துவிட்டு, சூப் வரும்வரை விறைப்பாக உட்கார்ந்திருக்கும் அனுபவத்துக்கு நாலரை நட்சத்திரமும் உண்டு, ஒன்றரை நட்சத்திரமும் உண்டு. கொடுப்பவரின் நகைச்சுவை உணர்வைப் பொறுத்தது.

கந்தப்பளைக்கு அருகே ஹெதர்செட் தோட்டத்தின் கைவிடப்பட்ட தேயிலைத் தொழிற்சாலை 1996இல் ஹோட்டலாகத் திறக்கப்பட்டது. பழைய இயந்திரப் பற்சக்கரங்கள் அப்படியே இருக்க, கொழுந்து வாட்டிய மாடிகள் படுக்கையறைகளாயின. வெளியே தண்டவாளத்தில் நிறுத்திய பழைய ரயில் பெட்டி ஒன்று உணவகம். ஹட்டன் பக்கம் போனால் காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றித் துரைமார் பங்களாக்களை வரிசையாக இணைத்த சிலோன் டீ ட்ரெயில்ஸ், 2005இல் தொடங்கியது. அங்கே சமையல்காரரே வந்து என்ன வேண்டும் என்று கேட்பார்.

இந்த இடங்களில் சாப்பாடு மோசமா என்றால், இல்லை. ஆனால், இங்கே கட்டணம் கட்டுவது முக்கியமாக இடத்துக்கும் கதைக்கும். கதை பிடித்தவருக்கு வெள்ளரிக்காய் சாண்ட்விச்சும் ருசிக்கும். "இத்தனை ரூபாய்க்கு ரெண்டு துண்டு பாணுக்கு நடுவில வெள்ளரிக்காயா?" என்று கேட்கும் பெரியப்பாவிடம் எட்வர்ட் பார்ன்ஸ் பற்றி விளக்கிப் பயனில்லை. அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. நெடுங்காலம் அந்தப் படிகளில் அவருடைய நிறத்துக்காரர் தட்டேந்திய வேலையாளாகத்தான் ஏறியிருக்கிறார்.

தேயிலை ஊரில் தேநீர்ச் சண்டை

சோற்றைப் பற்றிய கருத்து வேறுபாட்டையாவது ஊர்ப் பழக்கம் என்று விட்டுவிடலாம். தேயிலை நாட்டின் நடுவில் தேநீரைப் பற்றியே பயணிகள் ஒத்துப்போவதில்லை என்பதுதான் அதிசயம்.

நுவரெலியாத் தேயிலை இளம் நிறம், மெல்லிய வாசனை. பால் ஊற்றினால் அது இருந்த இடம் தெரியாது. அதற்குக் கீழே ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவை எல்லாம் சேர்ந்த டிம்புள்ள வட்டாரத் தேயிலைக்குக் கொஞ்சம் திடம் அதிகம்; ஜனவரி முதல் மார்ச் வரை உலர்ந்த குளிர்காற்று வீசும் நாட்களில் பறித்த கொழுந்துக்குத்தான் அங்கே பேர். இதையெல்லாம் படித்துவிட்டு வரும் ஜப்பானியர், தொழிற்சாலைச் சுவைக்கூடத்தில் வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றிய தேநீரை உறிஞ்சிக் கண்ணை மூடுகிறார். அதே கிண்ணத்தைக் குடித்த மதுரைக்காரர், "சாயம் இறங்கவே இல்லையே, வெந்நீர் மாதிரி இருக்கு" என்கிறார். அவர் வளர்ந்த தேநீர், பாலோடு கொதித்து, உயரத்திலிருந்து ஆற்றி, நுரையோடு கண்ணாடித் தம்ளரில் வந்தது.

சரி, பஸ் நிலையத்துக் கடையில் பால் டீ குடிக்கலாம் என்று போனால் அங்கே வேறு ஏமாற்றம். இலங்கைக் கடைகளில் பால் டீ என்றால் பெரும்பாலும் பால்மா. டஸ்ட் தேயிலையைத் துணி வடிகட்டியில் இறக்கி, பால்மாவும் சீனியும் போட்டு, இரண்டு குவளைக்கு இடையில் இழுத்து ஆற்றித் தருவார்கள். குளிரில் அது இதமாகத்தான் இருக்கும். ஆனால், காய்ச்சிய பாலின் மணத்தைத் தேடுகிறவருக்கு அது டீயே இல்லை. நுவரெலியாவிலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் பசுக்கள் மேயும் அம்பேவளைப் பண்ணை. புல்வெளியைப் பார்த்து அதற்குக் 'குட்டி நியூசிலாந்து' என்று பேர் வைத்துப் படம் எடுக்கிறார்கள். கடைக் குவளையில் இருக்கும் பால்மாவில் பெரும்பங்கு நிஜ நியூசிலாந்திலிருந்தே கப்பலில் வருகிறது.

பிளேன்டீதான் இந்த நாட்டின் உண்மையான தேநீர் என்று சொல்லும் ஒரு கட்சியும் உண்டு. கடும் சாயம், இஞ்சித் துண்டு, உள்ளங்கையில் கொஞ்சம் சீனி அல்லது ஒரு கடி கித்துள் கருப்பட்டி. இந்தக் கட்டுரையும் அந்தக் கட்சிதான். லபுக்கலைத் தேநீர் நிலையத்தின் சொக்லேட் கேக்கைப் பல வழிகாட்டிகள் புகழ்ந்திருக்கின்றன. கேக் கேக்காக நல்லதே, ஆனால் அதைச் சாப்பிட்ட நாக்கில் உயர்மலைத் தேநீரின் வாசனை ஏறாது. இப்படிச் சொன்னதற்காகவே இன்னொரு வானுக்குள் சண்டை வரலாம்.

சாரதி சொன்ன கடை

சாரதி கடைசியில் வாய் திறக்கிறார். "இங்க ஒரு பஃபே இருக்கு ஐயா. சுத்தமா இருக்கும், பார்க்கிங்கும் இருக்கு."

இந்தச் சிபாரிசைப் பற்றி எல்லா நாட்டுப் பயணிகளும் ஒரே மாதிரிச் சந்தேகப்படுகிறார்கள். சந்தேகத்துக்குக் காரணமும் உண்டு. சுற்றுலாப் பாதையில் உள்ள பல உணவகங்கள் ஆட்களைக் கூட்டி வரும் சாரதிக்கு இலவசச் சாப்பாடும், சில வேளை பில் தொகையில் ஒரு பங்கும் கொடுக்கின்றன. வாசனைத் தோட்டம், நகைக் கடை, மரச் சிற்பக் கடை எல்லாவற்றிலும் நடப்பதுதான் இது. ஆனால், சாரதியின் பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். கண்டியிலிருந்து நுவரெலியாவரை கொண்டையூசி வளைவுகளில் வண்டி ஓட்டி வந்தவருக்கு மூன்று விஷயம் வேண்டும்: வண்டி நிறுத்த இடம், கழுவிய கழிப்பறை, பின்னேரம் யாருக்கும் வயிற்றைக் கலக்காத சாப்பாடு. கடைத்தெருச் சந்துக்குள் இருக்கும் நல்ல கொத்துரொட்டிக் கடையில் முதல் இரண்டும் இல்லை. யாருக்காவது வயிறு கெட்டால் பழி அவர் தலையில் விழும். அடுத்த குழுவுக்கு நிறுவனம் அவரை அழைக்காது. அவர் ருசிக்கு உத்தரவாதம் தருவதில்லை, ஆபத்தில்லாமைக்குத் தருகிறார்.

பணம் என்று வந்தால் பில்லிலும் ஒரு சண்டை ஒளிந்திருக்கிறது. 2024 ஜனவரி முதல் இலங்கையில் வற் வரி 18 சதவீதம். பெரிய உணவகங்கள் அதன்முன் 10 சதவீதம் சேவைக் கட்டணமும் சேர்க்கும். மெனுவில் 1,000 ரூபாய் என்று பார்த்துக் கட்டளை கொடுத்தவர் சுமார் 1,300 ரூபாய் கொடுத்து எழும்புகிறார். வரியைச் சேர்த்தே விலை எழுதும் நாட்டிலிருந்து வந்தவருக்கு இது ஏமாற்று வேலை. "ஏமாத்திட்டாங்க" என்று அவர் எழுதி வைத்துவிட்டுப் போவதைப் படிக்கும் அடுத்தவர், அந்தக் கடையை விட்டுவிட்டு அதே வரி போடும் பக்கத்துக் கடைக்குப் போகிறார்.

நிஜமான ஏமாற்றும் இல்லாமல் இல்லை. 2024 ஏப்ரலில் கொழும்பு அளுத்கடையில் கொத்துரொட்டி ஒன்றுக்கு 1,900 ரூபாய் சொல்லி, விலை கேட்டு மறுத்த வெளிநாட்டு யூடியூபரை மிரட்டிய வியாபாரி கைதானார். அதே மாதம் களுத்துறையில் உளுந்து வடைக்கும் பிளேன்டீக்கும் வெள்ளைக்காரர் ஒருவரிடம் பன்மடங்கு பணம் வாங்கிய ஆளும் காணொளியால் மாட்டிக்கொண்டார். இரண்டு காணொளிகளும் உலகம் சுற்றின. நாடு 2022 பொருளாதார நெருக்கடியின் எரிவாயு வரிசைகளிலிருந்து எழுந்து கடையை மறுபடி திறந்திருந்த நேரம் அது. மலைநாட்டில் அதற்குப் பிறகு ஒரு சின்ன மாற்றம் தெரிகிறது: பயணிகள் சாப்பிடும் முன் விலை கேட்கிறார்கள். முன்னெல்லாம் கௌரவக் குறைச்சல் என்று நினைத்த கேள்வி.

மேசை நடுவில் ரோல்ஸ், கட்லட், வடை நிறைந்த தட்டை வைத்துவிட்டுப் போகும் இலங்கைப் பழக்கமும் இதோடு சேர்கிறது. எடுத்ததற்கு மட்டும் காசு என்பது உள்ளூராருக்குத் தெரியும். தெரியாதவர், கேட்காததைக் கொண்டுவந்து திணிக்கிறார்கள் என்று கொதிக்கிறார். அல்லது இலவசம் என்று முழுத் தட்டையும் காலி செய்கிறார்.

நட்சத்திரம் யாருடையது?

சாப்பாட்டுக்கு நட்சத்திரம் போடும் பழக்கத்தைப் பெரிதாக்கியது பிரான்சின் ஒரு டயர் கம்பெனி. மிஷெலின் வழிகாட்டி 1900இல் கார் ஓட்டிகளுக்காக வந்தது. 1926இல் உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுக்கத் தொடங்கினார்கள். வண்டி தூரம் ஓடினால் டயர் தேயும் என்ற கணக்கும் அதில் உண்டு. ஆக, முதல் பெரிய சிபாரிசுக்காரரும் நம்முடைய வான் சாரதியைப் போலச் சொந்தக் காரணம் வைத்திருந்தவர்தான்.

1980இல் பயண எழுத்தாளர் டோனி வீலரின் இலங்கை வழிகாட்டி வந்த பிறகு முதுகுப்பை இளைஞர்கள் ஒரே புத்தகத்தோடு ஒரே கடைகளுக்குப் போனார்கள். அடுத்தது ட்ரிப் அட்வைசரும் கூகுளும். ஒருவர் கருத்துக்குப் பதில் ஆயிரம் பேர் கருத்து இருந்தால் உண்மை தானாக மிதந்து மேலே வரும் என்று நினைத்தார்கள். 2017இல் லண்டனில் ஊபா பட்லர் என்ற எழுத்தாளர் தன் வீட்டுத் தோட்டக் கொட்டகையை உணவகம் என்று பதிந்து, நண்பர்களை வைத்துப் பொய்ப் புகழ் எழுதி, சாப்பாடே போடாத அந்தக் கொட்டகையை லண்டன் உணவகங்களில் முதலிடத்துக்கு ஏற்றிக் காட்டினார். மேசை கிடைக்குமா என்று கேட்டு ஆட்கள் தொலைபேசியில் கெஞ்சினார்களாம்.

ஆயிரம் பேர் உண்மையாகவே எழுதினாலும் நுவரெலியாவில் அது உதவுவது கொஞ்சம்தான். ஏப்ரல் வசந்த காலத்தில் மலர்க் கண்காட்சி, கார்ப் பந்தயம், குதிரைப் பந்தயம் என்று கொழும்பே மலையேறி வந்துவிடும். அறை வாடகையும் சாப்பாட்டு விலையும் கூடவே ஏறும். அந்தக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் காத்திருந்து ஆறிய ஃபிரைட் ரைஸ் சாப்பிட்டவரின் கோபமும், ஆளில்லாத ஜூன் மழையில் சுடச்சுடச் சாப்பிட்டவரின் மகிழ்ச்சியும் ஒரே கடையின் பேரில் சேர்ந்து 3.9 ஆகின்றன. அப்படி ஒரு 3.9 சாப்பாட்டை யாரும் சாப்பிட்டதே இல்லை.

அமெரிக்க எழுத்தாளர் கால்வின் ட்ரில்லின் 1974இல் வந்த 'அமெரிக்கன் ஃபிரைட்' என்ற நூலில் இதற்கு ஒரு வழி சொன்னார். ஊர்க்காரரிடம் நல்ல கடை எது என்று கேட்டால் விருந்தாளிக்குக் காட்டும் பகட்டான கடையைச் சொல்வார். பெற்றோரின் மணநாளுக்கு அழைத்துப் போகும் கடை அது. பல மாதம் அந்நிய தேசத்தில் பட்டாளத்தில் கிடந்துவிட்டு ஊர் திரும்பிய இரவு முதலில் எங்கே ஓடினாய் என்று கேட்க வேண்டும் என்பது அவர் கட்சி.

மலைநாட்டில் அந்தக் கேள்வியைக் கேட்டால் என்ன பதில் வரும்? கட்டார், டுபாய், கொழும்பு என்று வேலைக்குப் போய்த் திரும்பும் தோட்டத்துப் பிள்ளைகளிடம் கேட்டால் அனேகமாக ஒரே பதில்தான் வரும். அம்மா கையால் ரொட்டியும் சம்பலும்.

பட்டியலில் இல்லாத சாப்பாடு

கோதுமை மாவில் தேங்காய்ப் பூவும் உப்பும் போட்டுப் பிசைந்து, உள்ளங்கை கனத்துக்குத் தட்டி, விறகடுப்புக் கல்லில் சுட்ட ரொட்டி. அம்மியில் அரைத்த செத்தல் மிளகாய், வெங்காயம், தேங்காய். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் காலைச் சாப்பாடு அது. காலையில் பேர் பதியும் பெரட்டுக்குப் போகும்போது துணியில் சுற்றிக்கொண்டு போகும் பத்து மணிச் சாப்பாடும் அதுவே. கூடவே போத்தலில் தேத்தண்ணி. குளிரில் மலை ஏறி நிற்கும் உடம்புக்கு அது தாங்கும், கொழுந்துக் கூடையோடு நின்றபடியே தின்ன முடியும், ஆறினாலும் கெடாது.

சோறு தின்று வந்த தஞ்சை, திருச்சி, மதுரைச் சனங்களின் தட்டில் ரொட்டி எப்படி ஏறியது? பங்கீட்டு மாவும், அமெரிக்கக் கோதுமையும், 1980இல் திருகோணமலையில் பிரிமா மாவாலை ஓடத் தொடங்கியதும் அந்தக் கதையின் பகுதிகள். 1973, 74 பஞ்சத்தில் அந்த மாவும் இல்லாமல் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் விழுந்தன. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கிய மக்கள் அவர்கள். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது. அப்படிப் போனவர்களுக்காகத் தமிழ்நாடு அரசு 1968இல் நீலகிரியில் தேயிலைத் தோட்டம் போட்டது. 1983 ஜூலையில் நுவரெலியாக் கடைத்தெருவின் தமிழர் கடைகள் எரிந்தன. 'தலைமுறை தலைமுறையாக நடக்கும் பழைய கடை' என்ற பெருமையைத் தேடி வரும் பயணிக்கு, அந்தத் தொடர்ச்சி எங்கெங்கே அறுந்தது என்று எந்த வழிகாட்டியும் சொல்வதில்லை.

இந்த மலையில் விருந்தோம்பலுக்குக் குறைவிருந்ததில்லை. 1931இல் மனைவி கமலாவோடும் மகள் இந்திராவோடும் நுவரெலியாவில் ஓய்வுக்கு வந்த நேரு, சுற்றுத் தோட்டங்களிலிருந்து தொழிலாளர் நாள்தோறும் பல மைல் நடந்து வந்து காட்டுப் பூக்களும் மரக்கறியும் வீட்டில் கடைந்த வெண்ணெயும் கொடுத்துப் போனதைத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். பேச அவருக்கும் அவர்களுக்கும் பொது மொழி இல்லை.

இன்று சில பங்களாக்களும் தங்குவிடுதிகளும் 'தோட்டத் தொழிலாளர் காலையுணவு' என்று ரொட்டியையும் சம்பலையும் பீங்கான் தட்டில் வைக்கத் தொடங்கியிருக்கின்றன. நல்லது என்பதா, வேண்டாம் என்பதா என்று இதிலும் இரண்டு கட்சி. ரொட்டி சுட்ட பெண்ணுக்குக் கூலியும் பேரும் கிடைத்தால் நல்லதுதான். 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய். பெரிய ஹோட்டலின் ஒரு மாலைத் தேநீர் விருந்துக்கு அது போதவில்லை.

ஆனால், தோட்டத்துக்காரர்கள் ரொட்டி மட்டுமே தின்று கிடப்பவர்கள் என்று நினைத்துக்கொள்வதும் சுற்றுலாக்காரரின் கற்பனைதான். அவர்களும் வெளியே சாப்பிடுகிறார்கள். மாதத்தின் 10ஆம் திகதியை ஒட்டிச் சம்பளம் கைக்கு வந்ததும் ஹட்டன் நகரம் நிறைந்துவிடும். மஸ்கெலியா, நோர்வூட், பொகவந்தலாவை, டிக்கோயா பஸ்கள் ஆட்களை இறக்கித் தள்ளும். அடகுக் கடை, துணிக்கடை, மளிகைக் கடை என்று சுற்றி முடிக்கும்போது பொழுது சாயும். கொத்துரொட்டிக் கல்லில் தகடுகள் தாளம் போடத் தொடங்கும்.

அங்கே போய் நின்றால் சீதையம்மன் கோயில் வாசலில் கேட்ட அதே வாக்குவாதம், வேறு குரல்களில். அப்பாவுக்கு மாட்டுக் கொத்து போடாத கடை வேண்டும்; மாரியம்மன் கோயில் காப்புக் கட்டியிருக்கிறது. மகளுக்குப் புதிதாகத் திறந்த கண்ணாடிக் கடையில் பேர்கர். தோழி படம் போட்டிருந்தாள். மகன் சிக்கன் ஃபிரைட் ரைஸ், அதுவும் உட்கார்ந்து. "இருந்து சாப்பிட்டா ஒரு வெலை, கட்டிக் கொண்டு போனா ஒரு வெலை. ரெண்டு பார்சல் வாங்கினா வீட்டுல ஆறு பேர் சாப்பிடலாம்" என்கிறாள் அம்மா. கொழும்பில் கடையில் வேலை செய்யும் மூத்தவன் கைபேசியை எடுத்து எந்தக் கடைக்கு எத்தனை நட்சத்திரம் என்று பார்க்கிறான்.

"அத யாருடா போட்டது?" என்று கேட்கிறாள் அம்மா. அவனிடம் பதில் இல்லை. கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. மகள் கண்ணாடிக் கடைப் பக்கம் நடக்கத் தொடங்கிவிட்டாள்.